அறுபது நாள் பேட்டரி

வந்தவர் உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. நாற்காலியில் சரிந்து, மடியில் பையை வைத்துக்கொண்டார். மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனத்தின் பொறியாளர். கண்கள் சிவந்திருந்தன.

"எங்க நர்ஸை வேலையை விட்டு நிறுத்தற கடிதத்துல இன்னைக்கு நான் கையெழுத்துப் போடணும். மனசு ஒப்பலை. அதான் வந்தேன்."

ஊரில் எல்லோரும் 'மீட்டர்' என்றே கூப்பிடும் அந்தப் பெரியவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடம் ஆலையில் மின்சுற்றுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவருக்கு அந்தப் பெயர்தான் மிஞ்சியிருந்தது; புரியாத சிக்கல் என்றால் பலரும் அவரிடம்தான் வருவார்கள். அவர் மனைவியின் தம்பி அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டார்.

பொறியாளர் விவரம் சொன்னார்: அவர்கள் செய்வது, இதய நோயாளிகள் வீட்டில் மாட்டிக்கொள்ளும் துடிப்புப் பதிவுக் கருவி. பழைய சிப்பில் பேட்டரி மூன்று நாள்தான் வந்தது. பொறியாளர், வேகமாக வேலையை முடித்துவிட்டு மின்சாரம் இழுக்காமல் உடனே தூங்கிவிடும் புதிய சிப்பைத் தேர்ந்தெடுத்தார். சோதனையில் அறுபது நாள் வரும் என்று தெரிந்தது. வீடுகளில் இருபதே நாளில் அணைந்தது. ஒரு பெரியவர் மயங்கி விழுந்த அன்று கருவியில் ஒன்றுமே பதிவாகவில்லை.

"வீடு வீடாப் போய் நர்ஸ்தான் பேட்டரி மாத்தறாங்க. புதுசை எடுத்துக்கிட்டுப் பழசைப் போட்டிருக்காங்கன்னு மேலே சொல்றாங்க."

"கேஸ் முடிஞ்சுது மாமா," என்றார் மைத்துனர்.

"பேனாவை மூடு. எந்த வீட்ல எத்தனை நாள் ஓடிச்சு?"

பொறியாளர் தாளைப் பார்த்து வாசித்தார். இருபது, இருபத்தொன்று, இருபது, இருபது.

"பழைய பேட்டரின்னா ஒண்ணு அஞ்சு நாள்ல போகும், ஒண்ணு ஒரு மாசம் இழுக்கும். இப்படி வரிசையா நிக்காது. அந்தம்மா புதுசுதான் போட்டிருக்காங்க." மீட்டர் பெருமூச்சு விட்டார். "எப்படிச் சோதிச்சீங்க?"

"பேட்டரி கம்பியில மின்சாரம் அளக்கிற கருவியை வெச்சு. பழைய சிப்பையும் அப்படித்தான் பார்த்தோம். சோதனையிலயும் மூணு நாள், வீட்லயும் மூணு நாள். அதனால சந்தேகமே வரலை."

"அதே மாதிரி இங்க மாட்டுங்க."

பொறியாளர் மேசையில் கருவியை வைத்து, அதிலிருந்து ஒரு கேபிளை லேப்டாப்பில் செருகினார். பச்சை விளக்கு மினுங்கியது.

"இந்தக் கேபிள் எதுக்கு?"

"அளவெல்லாம் திரையில பார்க்கணுமே சார்."

"பேட்டரியைக் கழட்டுங்க."

கழற்றினார். விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.

"ஐயோ, பேயா மாமா?"

"பேயில்லடா, கேபிள். தகவல் போற கம்பி வழியாவும் கொஞ்சம் மின்சாரம் உள்ளே கசியும். பழைய சிப் பெருந்தீனிக்காரன். அவனுக்கு அது எந்த மூலைக்கு? புதுசு பறவை மாதிரி கொறிக்குது. மூணுல ரெண்டு பங்குச் சாப்பாடு லேப்டாப்லேர்ந்தே கிடைச்சுடுச்சு. நீங்க பேட்டரி கொடுத்ததை மட்டும் அளந்தீங்க. வீட்ல ஏது லேப்டாப்?"

பொறியாளர் கேபிளைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது.

"அப்ப சிப் தப்பா?"

"சிப் நல்ல சிப்தான். மூணு நாள் இருபதாச்சே. அறுபதுன்னு நீங்க சொன்னதுதான் தப்பு. ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை மாத்தினா போதும்னு அந்தம்மாகிட்ட சொன்னது யாரு?"

"நான்தான்."

பொறியாளர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். மறுமுனையில் நர்ஸ் முந்திக்கொண்டு பேசியது மற்ற இருவருக்கும் கேட்டது.

"சார், நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"வாங்கம்மா. இல்ல... இன்னைக்கே முடியுமா? பேட்டரி மாத்திப் பதினஞ்சு நாளைத் தாண்டின வீடு எதெதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நானும் கூட வரேன். தப்பு என்னோடதுன்னு ஒவ்வொரு வீட்லயும் நானே சொல்றேன்."