பெசரட்டை விழுங்கியது யார்?

காலை 10.40. விஜயவாடா கூரியர் கம்பெனி ஒன்றின் கிளவுட் கணினிகள் அத்தனையும் காணாமல் போயின. திருடன் எவனும் வரவில்லை. கிளவுட் விற்ற ஹைதராபாத் நிறுவனத்தின் கையேட்டிலிருந்து மாதிரி ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்து ஓட்டினார்கள், அவ்வளவுதான். சோதனைக் கணினிகளை மட்டும் அழிக்க வேண்டிய அது, தொழில் நடத்தியவற்றையும் வழித்துப் போட்டுவிட்டது.

11.30. கையேட்டுப் பிரிவின் தலைவர் பணீந்திரா குற்றவாளியைப் பிடித்துவிட்டார்: பக்கத்தை எழுதிய ஸ்ரவந்தி. மாலைக்குள் அவள் சீட்டைக் கிழித்துவிடுவதாக உறுமினார். அழுகல் சரக்கை விற்ற முதலாளி மூட்டை தூக்கியவனை அடிப்பது எல்லாச் சந்தையிலும் உண்டு.

"சோதனைக் கணக்கைத் தேர்ந்தெடுக்கிற முதல் வரியே காணோம். என்னத்த எழுதினே?"

"நான் எழுதினேன் சார். யாரோ வெட்டியிருக்காங்க."

"பேய் வந்து வெட்டுச்சா?"

திருத்துபவர்கள் எல்லாரும் ஒரே பொதுப் பெயரில்தான் நுழைவார்கள். ஆகவே பேய்க்கும் வசதிதான்.

நண்பகல். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த ஹைமாவதி சாயாவை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"இந்தப் பக்கத்தைத் திருத்தின போன வாரம் இங்க வேற எதுவும் தொலைஞ்சதாம்மா?"

"எங்க சோதனைக் கணினிங்க மேடம்," என்றாள் ஸ்ரவந்தி. " என் பெசரட்டு, ரமணாவோட கோங்கூரா, ஜ்யோத்ஸ்னாவோட உலவச்சாரு." அங்கே கணினிக்குச் சாப்பாட்டுப் பெயர்தான் வைப்பார்கள். "அவங்கவங்க திரையில அவங்கவங்களுது மட்டும்தான் தெரியும், அதை மட்டும்தான் அழிக்கவும் முடியும். சார் திரையில மட்டும் எல்லாமே தெரியும்."

"நான் ஸ்கிரிப்டைத் தொடுறதே இல்ல," என்றார் பணீந்திரா, கேட்காமலே.

ஹைமாவதி கையேட்டுப் பக்கத்தைக் கீழே தள்ளினாள். மாதிரியை ஓட்டியவர், திரையில் வந்த விடையை அதன் அடியில் ஒட்டுவது அங்கே வழக்கம். ஒருவரும் படிப்பதில்லை. அவள் உரக்கப் படித்தாள்: "அழிக்கப்பட்டவை: பெசரட்டு, கோங்கூரா, உலவச்சாரு."

பிறகு பணீந்திரா பக்கம் திரும்பினாள்.

"ஸ்ரவந்தி ஓட்டியிருந்தா பெசரட்டு மட்டும்தான் போயிருக்கும். பந்தி முழுக்க வழிச்சது உங்க கைதான் பணீந்திரா காரு. முதல் வரியை ஓட்டினீங்க, திரையில ஒண்ணும் வரல. தண்டம்னு வெட்டினீங்க. மிச்சத்தை அதே திரையில ஓட்டினீங்க, ஓடிச்சு. திரையை மூடுற வரைக்கும் அது அந்த முதல் வரியை ஞாபகம் வச்சிருக்கும்னு தெரியாது உங்களுக்கு."

"கதை! அந்த வரி இல்லாமலும் சரியாத்தான் ஓடும்."

"சரி. இதோ புதுத் திரை. நம்ம கம்பெனி அசல் கணக்குலதான் திறக்கும். ஓட்டிக் காட்டுங்க."

பணீந்திராவின் விரல் விசைக்கு மேலேயே நின்றது. இறங்கவில்லை.

"சின்ன மாதிரின்னா பார்க்க அழகா இருக்கும்னு..." என்றார்.

ஸ்ரவந்தி அவரை நகரச் சொல்லி உட்கார்ந்து, முதல் வரியைத் திரும்பத் தட்டினாள்.

"என் பெசரட்டை நீங்களே திரும்பச் சுட்டுக் குடுத்துடுங்க சார்."