வெள்ளிக்கிழமை மட்டும் நின்றுபோகும் கம்ப்யூட்டர்

"திருடன் வீட்டுக்குள்ளயே இருந்தா யாருக்கு போன் பண்றது, ஆன்டி?"

பல வருடங்களுக்கு முன், போலீஸ் நிலையத்து மேசைக்கு எதிரே நின்ற ஒரு பள்ளிக்கூடப் பெண் தங்கமணியிடம் கேட்ட கேள்வி இது. தங்கமணி அப்போது இன்ஸ்பெக்டர். பதில் சொல்வதற்குள் அந்தப் பெண்ணின் அம்மா உள்ளே வந்து, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது தங்கமணி ஓய்வு பெற்று, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறார். அந்தக் கேள்வி மட்டும் ஓய்வு பெறவில்லை.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது, ஐந்தாவது மாடி அர்ச்சனா நின்றிருந்தாள். கழுவாத முகம். அழுது முடித்திருந்தாள்.

"ஆன்டி, என் படம் போச்சு. யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க. வந்து பாருங்க."

கிள்ளான் ஆற்றைக் கடக்கப் பார்க்கும் ஒரு பூனையின் கதை. நான்கு நிமிடப் படம். ஒவ்வொரு அசைவையும் கையால் வரைந்து கம்ப்யூட்டரில் சேர்த்திருந்தாள். இரண்டு வருட வேலை. கனடாவில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோ, நல்ல படம் அனுப்புகிறவர்களில் சிலரைக் கூப்பிட்டு வேலை கற்றுக்கொடுக்கும். படம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் வரும் திங்கள்.

"காப்பி எடுத்து வைக்கலையா?"

"வாராவாரம் தானா எடுக்கும் ஆன்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நான் அம்பாங்ல டிராயிங் கிளாஸ்ல இருப்பேன். வீட்ல யாரும் கம்ப்யூட்டரத் தொட மாட்டாங்கன்னு அந்த நேரத்துல பேக்அப் ஓட வெச்சிருந்தேன். ஒரு மாசமா அது ஓடுறப்ப மட்டும் மெஷின் செத்துச் செத்துப் போவுது. பழைய காப்பி மேலயே எழுதுறதால அதுவும் பாதியில கெட்டுப்போவுது. நேத்து ஹார்ட் டிஸ்க்கே போயிடுச்சு."

லிஃப்டில் இறங்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு யாருன்னு தெரியும். எங்க அண்ணன்."

*

வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். அப்பா முத்துக்கருப்பன் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். சோபாவில் செய்தித்தாளை விரித்திருந்தார், படிக்கவில்லை. அண்ணன் சரவணன் சுவரில் சாய்ந்து நின்றான். அம்மா மெய்யம்மை சமையலறை வாசலில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க இன்ஸ்பெக்டரம்மா," என்றார் முத்துக்கருப்பன். "கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு போலீஸ். அடுத்து ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆனா ஆர்மியக் கூப்பிடுவா எம் மவ."

தங்கமணி சிரிக்கவில்லை. அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி அறைக்குத் திரை போட்டிருந்தது. ஓரமாக விலக்கிப் பார்த்தார். விளக்குகளில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. பூ இல்லை.

"பங்காளி தீட்டு," என்றார் மெய்யம்மை. "கிள்ளான்ல இவுக அண்ணன் முறை, பழனியப்பன், புதன்கிழமை தவறிட்டாக. தீட்டு கழியுற வரைக்கும் விளக்கு கெடையாது."

"நேத்து சாயங்காலம் யார் யார் எங்க இருந்தீங்க?"

"நானும் இவனும் கிள்ளான்ல, சாவு வீட்ல," என்றார் முத்துக்கருப்பன். "ராத்திரிதான் வந்தோம்."

"ஏழு மணிக்கு?"

"அங்கதான். இவன் போனையே நோண்டிக்கிட்டிருந்தான். நாலு பேரு பாத்து என்னையக் கேட்டாங்க. மானம் போச்சு."

அர்ச்சனா சட்டென்று திரும்பினாள். "கேட்டீங்களா ஆன்டி? கம்ப்யூட்டர்ல இவன் ஒரு புரோகிராம் போட்டு வெச்சிருக்கான். எங்க இருந்தாலும் போன்லயே மெஷின ஆஃப் பண்ணலாம்."

"அது கேம் டவுன்லோடு பண்றதுக்கு லா!" சரவணன் சுவரை விட்டு முன்னால் வந்தான். "நான் ஏன் உன் பூனையக் கொல்லணும்?"

"நான் போயிட்டா ரூம் உனக்குத்தானே."

"அறைஞ்சேன்னா..."

"ஆமா, அதுதான் பாக்கி."

"போதும்," என்றார் தங்கமணி. "ஆச்சி, நீங்க?"

"நான் எங்க போவேன்?" மெய்யம்மை முட்டியைக் காட்டினார். "இந்தக் காலை வெச்சுக்கிட்டு கிள்ளானுக்கா? தனியா டிவி பாத்துக்கிட்டிருந்தேன். அடுப்புகூட பத்த வெக்கல. கீழ மாமாக் சாப்பாட்டுக் கடையில தோசை வாங்கிச் சாப்ட்டேன். எம் பொண்ணு கம்ப்யூட்டர எப்பிடித் தொறக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியாதும்மா."

"அம்மாவ விடுங்க ஆன்டி," என்றாள் அர்ச்சனா. "இந்த வீட்ல எனக்குன்னு இருக்கிறது அவங்க மட்டுந்தான். அப்பாவுக்கு அம்பாங் மாப்பிள்ளைதான் வேணும். காரைக்குடியிலேருந்து வேலைக்கு வந்திருக்கிற இஞ்சினியராம், பேரு செந்தில். பரிசம் போட நாள் பாக்குறாரு. படத்த முடிடின்னு ராத்திரி மைலோ கலக்கிக் கொடுத்தது அம்மாதான்."

தங்கமணி பால்கனிக்குப் போய் நின்றார். கீழே ரயில் ஒன்று போனது. கொடியில் வேட்டி, சட்டை. வாஷிங் மெஷின்மேல் பித்தளைத் தூபக்கால் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்திருந்ததால் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தார்.

*

பத்தரைக்கு லோகன் வந்தான். பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் கடை. ஒரு மாதமாக இந்த மெஷினோடு மல்லுக்கட்டுபவன் அவன்தான்.

"சொல்லுங்க பாஸ்," என்றார் தங்கமணி. "இதுக்கு என்ன வியாதி?"

"அதான் ஆன்டி தெரியல. பவர் சப்ளை மாத்திட்டேன், மெமரி மாத்திட்டேன். என் கடையில ரெண்டு நாள் விடாம பேக்அப் ஓட்டினேன், ஒண்ணும் ஆவல. இங்கேயே வந்து ஒரு புதன்கிழமை ஓட்டிப் பாத்தேன், அப்பவும் ஓகே. வெள்ளிக்கிழமை மட்டும் படுத்துக்குது." அவன் சிரித்தான். "விரதம் போல லா."



"போன்லேருந்து யாராச்சும் ஆஃப் பண்ணியிருக்க முடியுமா?"

"பண்ணலாம். பண்ணா, யார் பண்ணாங்கன்னு உள்ள எழுதியிருக்கும். போன வாரம் வரைக்கும் பாத்திருக்கேன். ஆஃப் பண்ணுன்னு யாரும் சொல்லல. பேக்அப் பாதி ஓடுறப்ப மூச்சு நின்ன மாதிரி நின்னுருக்கு."

"கரண்ட் போச்சா?"

"கரண்ட் போனா டிவியும் நிக்கணுமே ஆன்டி."

மெய்யம்மை டிவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அப்படி மூச்சு நிக்க வேற என்ன காரணம் இருக்கு?"

"சூடு. சும்மா இருக்கிறப்ப மெஷின் ஜில்லுன்னு இருக்கும். பேக்அப் ஓடுறப்ப முழு மூச்சா வேலை செய்யும், சூடாகும். ரொம்ப சூடானா தன்னைக் காப்பாத்திக்க தானா ஆஃப் ஆயிடும். மொத தடவை வந்தப்பவே வீட்ல சொன்னேன். முன்னாடி இருக்கிற ஓட்டை வழியாத்தான் காத்து உள்ள போவுது, அதுகிட்ட சூடா எதையும் வைக்காதீங்கன்னு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

லோகன் யோசித்தான். "அன்னைக்கு இவங்கெல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. மெய்யம்மை ஆன்டிதான் இருந்தாங்க. டீ போட்டுக் கொடுத்தாங்க."

தங்கமணி மேசையருகே குனிந்தார். பக்கத்துத் தாழ்வான மரப்பலகையில் சிபியு பெட்டி இருந்தது. அதன் முன்னால் கொஞ்சம் இடம். அந்த இடத்தில் பூவேலை செய்த வெள்ளை நூல் விரிப்பு. மெய்யம்மை கையால் பின்னியது. அந்த வீட்டில் டிவிமேல், ஃப்ரிட்ஜ்மேல், எங்கும் அவைதான். தங்கமணி விரிப்பை விரல் நுனியால் தூக்கினார்.

அடியில், பலகையில், கருகிய வட்டங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் விலகி. ஓரத்தில் சாம்பல் துணுக்கு.

விரிப்பில் ஒரு கருகல்கூட இல்லை.

முத்துக்கருப்பன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவர்தான் முதலில் புரிந்துகொண்டார். புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"அட, தூபக்கால்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேத்தி ரூம் ரூமா சாம்பிராணி காட்டுவா. காட்டிட்டு இங்க வெச்சுட்டு மறந்திருக்கா. இதுக்குப் போயி புள்ளைகளுக்குள்ள சண்டை! ஏன்டா சரவணா, ஒங்கம்மா பக்திதான்டா ஒன்னைய மாட்டிவிட்டது."

சரவணன் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். அர்ச்சனாவின் தோளும் தளர்ந்தது. திருடன் இல்லை. ஒரு மறதி. அவள் அம்மாவின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"பரவால்லம்மா. நீ வேணும்னா செஞ்ச?"

மெய்யம்மை அவள் கண்ணைப் பார்க்காமல் முட்டியைத் தேய்த்தார்.

"மொத வாரம் அப்படித்தான் நடந்திருக்கும்," என்றார் தங்கமணி. "அது மறதி. நான் நேத்தைப் பத்திப் பேசுறேன்."

அவர் சாமி அறைத் திரையைக் காட்டினார்.

"புதன்கிழமையிலேருந்து இந்த வீட்ல தீட்டு. சாமி ரூம்ல திரை. விளக்கேத்தல. சாம்பிராணி கிடையாது. அடுப்பே பத்த வெக்கலன்னு ஆச்சி வாயாலயே சொன்னாங்க. அப்படின்னா நேத்து ஏழு மணிக்கு இந்த மெஷின் ஏன் செத்துச்சு?"

முத்துக்கருப்பனின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது.

"பால்கனியில தூபக்கால் கவுத்து வெச்சிருக்கு. புளி போட்டுத் தேய்ச்சது. சாமி ரூம்ல விளக்கெல்லாம் பிசுக்கோட கெடக்கு. தீட்டு கழிஞ்சப்புறம் எல்லாத்தையும் சேர்த்துத் தேய்ப்பீங்க. இது மட்டும் முன்னாலயே ஏன் தேய்ச்சீங்க ஆச்சி? கரி வெச்சதாலதானே?"

சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது.

"மறந்து வெச்சவங்க, விரிப்ப எடுத்துட்டு வெக்க மாட்டாங்க. முடிஞ்சதும் எரிஞ்ச தடத்து மேல மறுபடி விரிக்க மாட்டாங்க. ஒவ்வொரு வாரமும் எடுத்திருக்கீங்க, விரிச்சிருக்கீங்க. நேத்து கரி மட்டும் போட்டீங்க. சாம்பிராணி போடல. தீட்டுல அது கூடாதுன்னு."

மெய்யம்மை மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முட்டி மடங்கும்போது முகம் சுளித்தது.

"சாம்பிராணி போடல," என்றார். அதை மட்டும் தெளிவாகச் சொன்னார். அதில் யாரும் தன்மேல் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல.

"ஏம்மா?" என்றாள் அர்ச்சனா.

"அம்பாங்ல கட்டிக் கொடுத்தா எல்ஆர்டி ரயில் மாறி ஏறி வந்துடுவ. ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு வருவ. கனடாவுக்குப் போனா வருவியாடி? யாராச்சும் வந்திருக்காகளா? நீ போயிட்டா இந்த வீட்ல எங்கூட யாரு பேசுவா? இவன் போனோட பேசுவான். ஒங்கப்பா..." அவர் கணவரைப் பார்க்காமலே கையை அசைத்தார். "ஒரு நாள் ஒங்கப்பாவோட ஒக்காந்து பேசிப் பாரு. நான் இத்தன வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

முத்துக்கருப்பன் செய்தித்தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"படத்தக் கெடுக்கணும்னு நினைக்கல," என்றார் மெய்யம்மை. "நல்ல படம். அந்தப் பூனை தண்ணியத் தொட்டுட்டு காலை ஒதறுமே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது போகக் கூடாதுன்னுதான் நிறுத்தினேன். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஸ்கிரீன்ல ஒரு பச்சைக் கோடு ஓடும். கனடாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா போவுதுன்னு நெனச்சேன். கோட்ட நிறுத்திட்டா படம் நம்ம வீட்லயே இருக்கும்னு..."

லோகன் குனிந்தான். பிறகு சிபியு பெட்டியின் தலையில் வைத்திருந்த, உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினான்.

"கனடாவுக்கு இல்ல ஆன்டி. அது இங்க, இதுக்குள்ளதான் போச்சு. உள்ள இருக்கிற டிஸ்க் போனாலும் படம் வீட்ல பத்திரமா இருக்கணும்னுதான் அந்தக் கோடு."

மெய்யம்மை அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்தார். அதன் மேலும் அவர் பின்னிய விரிப்பு ஒன்று இருந்தது, சின்னதாக, பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி.

"எதையாச்சும் எடுக்க முடியுமா, தம்பி?" என்று தங்கமணி கேட்டார்.

"டிஸ்க் கடகடங்குது ஆன்டி. அனுப்பிப் பாக்கலாம். வாரக்கணக்கா ஆகும். கிடைக்கும்னு சொல்ல முடியாது. திங்கக்கிழமைக்கு..."

சரவணன்தான் பேசினான். "அம்மா, நான்தான் செஞ்சேன்னு இவ ஒரு மாசமா என்கூடப் பேசல. நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்த?"



தங்கமணிக்கு இனி அங்கே வேலை இல்லை. போலீஸில் இருந்த காலத்தில், குற்றவாளியின் பெயரைச் சொன்ன பிறகு யாராவது விலங்கு எடுத்து வருவார்கள். அறைக்குள் ஏதோ ஒன்று முடிந்துவிடும். இங்கே விலங்கு இல்லை. புகார் கொடுத்தவளும் செய்தவளும் அன்று மதியம் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட வேண்டியவர்கள். அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணின் கையை அவள் அம்மா எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார் என்பது, இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அவருக்கு நினைவில் தெளிந்தது.

அர்ச்சனா நூல் விரிப்பை எடுத்தாள். கருகிய வட்டங்களின் மேல் ஒழுங்காக விரித்தாள். மூலையை இழுத்துச் சரிசெய்தாள். வரையும் பலகையை உறையில் போட்டுத் தோளில் மாட்டினாள். அண்ணன் எதிரே வந்ததும் நின்றாள். அவன் நகர்ந்து வழிவிட்டான்.

"எங்கடி போற?" மெய்யம்மை நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ரெண்டு தோசை இருக்கு. அர்ச்சனா... யாருகிட்ட போற? பேசுடி. திட்டவாச்சும் செய்யேன்டி."

வாசலில் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் கிரில் கதவு. அப்புறம் லிஃப்ட்.