கலங்காத கிண்ணம்

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடப் பஜ்ஜிக்கு முன்னால் குற்றங்காட்டியைக் கேட்கிற காலம் அது. பவழமல்லி குடியிருப்பில் தண்ணீர்த் திருட்டுக்கு அது வராமலிருக்குமா? வந்தது, ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணமாக.

கிண்ணத்து நீரில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள் நீந்தும். உரியணுக்கள் என்று பெயர். குற்றவாளியின் வியர்வையில் ஒரு ரசாயனம் ஊறுமாம். அது பட்டதும் உரியணுக்கள் மேலுறையை அப்படியே உதறிப் போட்டுவிடும். உதிர்ந்த உறைகளால் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர்போல வெளுக்கும்.

"விரலை விடுங்க மேடம், என்ன யோசனை?" என்றார் சங்கச் செயலாளர் கோதண்டம். கிண்ணம் கலங்கியவர் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்பதும் அவர் போட்ட தீர்மானம்தான்.

மேல்தளத்துத் தாட்சாயணி தண்ணீர்க் குழாய் வால்வைத் தொடவில்லை. தொட்டவரைப் பார்த்திருந்தாள். கீழ்த்தளத்துக் குழாயை அடைத்து மேல்தளத்துக்குத் திருப்பிய கோதண்டம், "உங்க தொட்டிக்கும்தானே வருது" என்று அப்போது சிரித்தார். இவளும் சிரித்துவைத்தாள். துணி துவைத்தாள், ரோஜாத் தொட்டிக்கும் ஊற்றினாள். படுத்த படுக்கையான தன் மாமியாரைத் துடைத்துவிடத் தண்ணீரில்லாமல், கீழ்வீட்டு ரெஜினா குடத்தோடு வந்து மணியடித்தபோது, இவள் உள்ளே மூச்சுக் காட்டாமல் நின்றாள்.

அந்த ரெஜினா இப்போது எதிரே. தாட்சாயணியின் விரல் பட்டதும் கிண்ணம் வெளுத்தது.

"அக்கா... நீங்களா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் திருகலைம்மா. இவர்தான். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோதண்டம் சாவகாசமாக விரலை விட்டு, பாயசம் கிளறுவதுபோல் ஒரு கிளறு கிளறி, கிண்ணத்தை விளக்குக்கு நேரே தூக்கினார். தெளிந்த நீருக்கு அந்தப் பக்கம் அவர் பல் தெரிந்தது.

"மத்தவங்களும் விடுங்க" என்றார்.

"அதான் ஆள் கிடைச்சாச்சே சார், எங்களுக்கெதுக்கு?" மேல்தளத்துக் கைகளெல்லாம் சட்டைப் பைக்குள்ளும் முந்தானைக்குள்ளும் போயின.

வியர்வையில் ஊறுவது குற்றமல்ல, வெட்கம் என்று தாட்சாயணிக்கு அப்போதுதான் உறைத்தது. கலங்கியவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

அவள் சாமான் வண்டி கிளம்பிய வாரமே சங்கத் தேர்தல். கிண்ணம் கலங்காதவர் மட்டும் நிற்கலாம் என்று புது விதி. விரல் நீட்ட வேறு யாரும் வரவில்லை. கோதண்டம் போட்டியின்றித் தேர்வானார்.

ரெஜினா வீட்டுக் குழாய் மறுபடி வெறும் காற்றைத்தான் ஊதியது.

"கூட்டத்தைக் கூட்டுங்க, கிண்ணத்தை எடுங்க," என்றார் கோதண்டம். "யாராவது ஒருத்தர் கலங்காமயா போயிடுவாங்க?"