தலையணைக்கு அடியில் வெடித்தது எது?

போன் அலறியது!

காலை மணி ஒன்பது பத்து. செல்போன் சர்வீஸ் சென்டரின் ஷட்டர் பாதிதான் மேலே போயிருந்தது. மெக்கானிக் குனிந்து உள்ளே நுழைந்து, கைப்பையைக்கூட இறக்காமல் ரிசீவரை எடுத்தாள்.

மறுமுனையில் மேனேஜர்.

"நேத்து சாயந்தரம் பெயின்ட் கடைக்காரர் ஒருத்தருக்கு பேட்டரி மாத்தினியா?"

"ஆமா சார். மச்சினனோட வந்தார்..."

"அவர் செத்துட்டார்!"

"சார்...!"

"தலையணைக்கு அடியில போனை வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கார். விடியக்காலைல பேட்டரி வெடிச்சு மெத்தை பத்திக்கிச்சு. புகையிலேயே உசுர் போயிடுச்சு. போலீஸ் அங்கதான் வருது. பில்லுல பழைய ரக பேட்டரின்னு எழுதியிருக்கே. பழசுதானே போட்டே?"

அவள் கண் மேஜையில் கிடந்த பில் புத்தகத்துக்குப் போனது.

"வாயைத் திற! புது பேட்டரி வெடிக்கவே வெடிக்காதுன்னு கம்பெனி ஊரெல்லாம் போர்டு வச்சிருக்கு. ஒருத்தனும் நம்பல. வெடிச்சது புதுசுன்னு ஆச்சுன்னா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். பழசுதானே?"

"ப... பழசுதான் சார்."

ரிசீவரை வைத்துவிட்டு ஸ்டூலில் சரிந்தாள்.

பொய்!

அவள் பேட்டரியை மாற்றவே இல்லை!

கம்பெனியின் போன்களில் புது ரக பேட்டரி வந்த நாள் முதல் இதே கூத்துதான். யாரோ சொன்னார்கள், எங்கோ வீடியோ வந்தது, யாருக்கோ முகம் வெந்தது... ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாதிப் பேர், "வேண்டாம்மா, பழசையே போட்டுக் கொடு" என்று வந்து நின்றார்கள். விற்பனை படுத்துவிடக் கூடாதே என்று கம்பெனியும் இலவசமாக மாற்றித் தரச் சொல்லிவிட்டது.

அவளோ சூடு கண்ட பூனை. மூன்று வருடங்களுக்கு முன் பழைய பேட்டரி ஒன்று இதே மேஜையில் வெடித்து, அவளுடைய இடது கையில் இரண்டு விரல்களைப் பறித்திருந்தது. பயந்து வருகிறவர்கள் கையில், பயப்பட வேண்டியதையே எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் போனை உள்ளே கொண்டு போவாள். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். திரையைத் துடைத்து, பில்லில் 'பழையது' என்று எழுதிக் கொடுப்பாள். வந்தவர்கள் நிம்மதியாகப் போவார்கள்.

நேற்றும் அதையேதான் செய்தாள்.

அப்படியென்றால் வெடித்தது புதியதா? ஊர் பயந்தது நிஜம்தானா? வேண்டாம் என்று சொன்ன மனிதரை ஏமாற்றிக் கொன்றது...

நானா?

வெளியே ஜீப் நின்றது. கூடவே கூச்சல்!

"பேட்டரியை மாத்தறேன்னு எங்க மாமாவைக் கொன்னுட்டாங்க!" மச்சினன்தான். அவன் பின்னால் முப்பது பேர். ஒரு கல் வந்து கண்ணாடியில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஸ்டேஷனில் அவருக்கு 'சிடுசிடு' என்று பெயர். பாலிதீன் பையை மேஜையில் வைத்தார். உள்ளே ஒரு பக்கம் உருகிய போன்.

"பில்லுல உன் கையெழுத்து. ஒழுங்கா ஒரு பேட்டரி மாட்டத் தெரியல. கிளம்பு!"

தலையாட்டிவிட்டால் கவனக்குறைவு என்று கேஸ் முடியும். கம்பெனி வக்கீல் வருவார். அது அவளுக்கும் தெரியும்.

"சார்... நான் மாட்டவே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"வேணாம்னு சொன்னதைத் தெரிஞ்சே உள்ள விட்டிருக்கே. இது இன்னும் மோசம்மா!"

"தெரியும் சார். ஒரே ஒரு தடவை திறந்து பார்த்துக்கறேன். வெடிச்சிருந்தா நானே வண்டியில ஏறிடறேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு ஏட்டைக் கூப்பிட்டார். "வீடியோ எடுய்யா. ம்... திற."

இடது கையின் மூன்று விரல்களால் போனை அழுத்திப் பிடித்தாள். உருகிய மூடியைக் கத்தியால் நெம்பினாள். கரி உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டே தூக்கினாள்.

திறந்து பார்த்தாள்.

பேட்டரி தட்டையாகக் கிடந்தது. வீங்கவில்லை. வெடிக்கவில்லை. ஓரம் மட்டும் கறுத்திருந்தது. ஆனால் நடுவில்...

ஓர் ஓட்டை!

"சார்! யாரோ ஆணி இறக்கியிருக்காங்க! முதுகு மூடி வழியா!"

"ஆணியா?"

"பழைய பேட்டரியில ஆணி இறக்கினா அடுத்த நொடியே தீ. வீடியோ பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். இது புதுசு, அசையக்கூட இல்ல!" மீட்டரின் முனைகளை வைத்தாள். எண்கள் எழுந்தன. "இதுல இன்னும் சார்ஜ் இருக்கு சார்!"

சொல்லிவிட்டு விம்மி அழுதாள். தான் கொல்லவில்லை என்ற நிம்மதியில் வெட்கம்கூடத் தோன்றவில்லை.

"அப்புறம் மெத்தை எப்படி எரிஞ்சுது?"

"ஆணி வேலைக்கு ஆகல. வேற எதையோ ஊத்திக் கொளுத்தியிருக்கணும். பெயின்ட் கடைக்காரர் வீட்டுல தின்னருக்கா பஞ்சம்?"

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். "ஆள் புரண்டுகூடப் படுக்கல, தூக்க மாத்திரையா இருக்கலாம்னு டாக்டர் சொன்னார். பேட்டரிதான்னு ஊரே சொல்லுது... நானும் காதுல போட்டுக்கல."

"பழசு உள்ள இருக்குன்னு நம்பினவங்க ரெண்டே பேர் சார். ஒருத்தர் பிணவறையில."

இன்னொருவன் வெளியே கத்திக்கொண்டிருந்தான்.

அழைத்து வந்தார்கள். கண்களைத் துடைத்தபடி நின்றான்.

"தம்பி, கம்பெனி வசமா மாட்டிக்கிச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தம்மா பேட்டரியை மாத்தவே இல்லையாம். உள்ள இருந்தது புதுசு!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்ல! பழசுதான் போட்டாங்க! சத்தியமா பழசு!"

"ஏன்டா... புதுசு வெடிச்சுதுன்னா நஷ்டஈடே கொட்டும். ஊரே அதைத்தான் கேக்கத் துடிக்குது. நீ மட்டும் ஏன் பழசுன்னு சத்தியம் பண்றே?"

அவன் கதவைப் பார்த்தான். பாய்ந்தான்! ஏட்டு குறுக்கே காலை நீட்ட, தரையில் குப்புற விழுந்தான்.

"அக்கா செத்ததும் கடையை விட்டு என்னை வெளியேறச் சொல்லிட்டார் சார்..." தரையிலிருந்தே முனகினான். "ஆணி குத்திட்டு அரை மணி நேரம் நின்னேன். புகைகூட வரல, தின்னரை ஊத்தினேன்... பழசுன்னு இருந்தாதானே பேட்டரி மேல பழி நிக்கும்..."

விலங்கு பூட்டினார்கள்.

மறுபடி போன் அடித்தது. மேனேஜர்.

"கேள்விப்பட்டேன். ஆணி குத்தியும் வெடிக்காத பேட்டரி! கம்பெனி அதையே விளம்பரமா போடப் போகுது!"

"சந்தோஷம் சார்."

"கஸ்டமரை ஏமாத்தினதுக்கு உன்னை வேலையை விட்டுத் தூக்கியாச்சு. சாவியை மேஜையில வச்சுட்டுப் போ."

வலித்தது. ஒரு நல்ல மனிதர் போய்விட்டார். வேலையும் போய்விட்டது. சாவியை வைத்தாள், பையை மாட்டினாள்.

வாசல் வரை போன இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். பாக்கெட்டிலிருந்து தன் போனை இரண்டு விரல்களால், எலியின் வாலைப் பிடிப்பது போல எடுத்தார்.

"ஏம்மா... போன மாசம் நானும் இங்கதான் பழசு போடச் சொல்லி சண்டை போட்டேன்..."

"ஞாபகம் இருக்கு சார்."

"அப்ப... இதுல...?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க பில்லையும் ரொம்ப நம்பற மாதிரிதான் எழுதியிருந்தேன் சார்!"