ஏழாம் எண் பேட்டரி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. பக்கத்து வீட்டுத் தோராவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பாதிக்கு நானே சாட்சி. மீதியை அவள் என் அடுக்களையில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான ஃப்ளீட்வுட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவள் கணவர் வில்ஃப் நாற்பது வருஷம் மீன்பிடிக் கப்பலில் புகைத்துப் புகைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். கடைசியில் மின் சிகரெட்டுக்கு மாறினார். விரல் நீளத்தில் இரண்டு பேட்டரி போடும் கருவி. கடைக்கார டேரன் இரண்டிலும் 7 என்று எழுதிக் கொடுத்தான்.

"இது ரெண்டும் ஜோடி, வில்ஃப். ஒண்ணாப் போடணும், ஒண்ணா சார்ஜ் ஏத்தணும். வேற எதோடயாவது சேர்த்தீங்க, சூடேறி மூஞ்சியிலேயே வெடிக்கும்."

"என் மூஞ்சிக்கு அது ஒண்ணும் நஷ்டமில்லடா."

அவருக்குப் பிடித்தது சோம்பு மணம், கருவியின் சூடு ஐம்பத்தைந்து வாட். அதற்குக் கீழே இறக்கினால் "இது என்ன கொசு மூச்சா?" என்பார்.

நெஞ்சு முற்றிலும் அடைத்த பிறகு, இனி தொடவே கூடாது என்றாள் வீட்டுக்கு வரும் நர்ஸ். பிடுங்கினால் சண்டை வரும். தோரா கருவியை அவர் கையிலேயே விட்டுவிட்டு, ஒரு பேட்டரியை மட்டும் உருவி ஏப்ரன் பையில் ஒளித்தாள். பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் விழித்துக்கொள்ளும் கருவி அது. இரண்டு நாள் அழுத்திக்கொண்டே கிடந்தார்.

டிக், டிக், டிக், டிக், டிக்.

"தோரா, இது ஏன் எரிய மாட்டேங்குது?"

"பழசாயிடுச்சு, வில்ஃப். தூங்கு."

அழுத்தியபடியே போய்விட்டார். விரல்கள் பிரியவில்லை, கருவியோடே புதைத்தோம்.

ஒரு மாதம் கழித்துத் தோரா தனக்கும் ஒன்று வாங்கினாள். புதினா, முப்பது வாட். சிக்கனக்காரி அல்லவா, ஒளித்துவைத்த பேட்டரியோடு புதிதாக ஒன்றை மட்டும் சேர்த்துப் போட்டாள்.

முதல் இழுப்பிலேயே தொண்டை எரிந்தது. கருவியின் சின்னத் திரையில் ஐம்பத்தைந்து.

இறக்கினாள். தானாகவே ஏறியது.

புதினா ஊற்றிய கருவியிலிருந்து சோம்பு மணந்தது. ஒரு மணி நேரத்தில் பழைய பேட்டரியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. புதியது நிறைந்தே இருந்தது.

மறுநாள் மதியம் நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்குள் ஐந்து டிக் சத்தம். எரிச்சலில் சுவரைத் தட்டினேன்.

"தோரா, அதை அழுத்திட்டே இருக்காதேடி!"

சுவருக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது.

"நான் அழுத்தலையே. அது மேஜை மேலதான் இருக்கு."

டேரனிடம் கூட்டிப்போனேன். பழைய பேட்டரி மேலிருந்த 7-ஐப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது.

"இதோட ஜோடி எங்கே, தோராம்மா?"

அப்போதுதான் அவள் உண்மையைச் சொன்னாள். டேரன் பேட்டரியை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஞாயிறு பகலில் நானும் தோராவும் வில்ஃபின் கல்லறைக்குப் போனோம். ஈரக் களிமண்ணைக் கரண்டியால் தோண்டி, சார்ஜ் ஏற்றிய பேட்டரியை உள்ளே வைத்தாள்.

"அது பழசாகலை, வில்ஃப். நான்தான் எடுத்தேன். மன்னிச்சிடு. இனிமே என்னை விட்டுடு."

காற்று நின்றது.

எங்கள் காலடியில், ஆழத்தில், டிக், டிக், டிக், டிக், டிக்.

மண் வெடிப்பிலிருந்து நூல் போல வெள்ளைப் புகை எழுந்தது. சோம்பு மணம்.

"எரிஞ்சிடுச்சு," என்று தோரா அழுதுகொண்டே சிரித்தாள். தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவள் சுவரைத் தட்டினாள். ஓடினேன். ஜன்னலோரச் சார்ஜரில் ஒற்றைப் பேட்டரி. களிமண் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன்: 7. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அவருக்குச் சார்ஜ் தீர்ந்துபோச்சாம்," என்றாள் தோரா. "ஏத்திக் கொடுக்கணுமாம்."

ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் கொண்டுபோய் வைக்கிறாள். திங்கள்தோறும் அது திரும்பி வருகிறது. இப்போது அவளுக்கும் மூச்சு வாங்குகிறது. நேற்று என்னைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கப்புறம் யாரு இருக்கா, நீதானே?"

இன்று காலை என் ஜன்னல் விளிம்பில் கொஞ்சம் களிமண் கிடந்தது.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் சாகக் கிடப்பவர் கேட்டது அவர் கைக்குக் கிடைக்கட்டும். போனவர்கள் போன இடத்தில் நிறைந்திருக்கட்டும். உங்கள் வீட்டு விளக்குகள் உங்கள் விரலுக்கு மட்டுமே எரியட்டும்.