உப்பு நாட்டின் கண்கட்டி

குண்டு சுமந்த வேட்டைப்பொறிகள் மூன்று கருவக்கழி ஊருக்கு மேலே பறந்து போயின. கீழே சந்தையில் மீன் விலை பேசிக்கொண்டிருந்த யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக அப்படித்தான்.

மேலையரசும் கீழையரசும் போட்ட சண்டையின் நடுவே மாட்டிக்கொண்ட உப்பள ஊர் அது. ஊர்க்காரன் ரத்தினபாண்டி செய்த கண்கட்டி என்ற கருவிதான் அதைக் காப்பாற்றியது. வானத்தில் வரும் பொறி எதுவானாலும் அதன் கண்ணை ஏமாற்றி, கீழே இருப்பது வெறும் உப்புப்பாத்தி என்று நம்பவைக்கும். ரத்தினபாண்டிக்கு உப்பளத்தைத் தவிர வேறு இடம் தெரியாது. கருவிக்கும் அதையே கற்றுக்கொடுத்தான். உப்பின் மேல் குண்டு போட யாருக்கு மனசு வரும்?

உயிர் மிஞ்சியதும் ஊருக்குத் துணிச்சல் வந்தது. தனி நாடு என்று அறிவித்தார்கள். உப்புக் குவியலை மூடும் தார்ப்பாய் ஒன்று கொடியானது; உப்பளச் சங்கத் தலைவி சந்தனமாரி அதிபரானாள். அங்கீகாரம் கேட்டதற்கு, 'எங்கள் பொறிகள் தந்த வரைபடத்தில் அங்கே உப்புதான் இருக்கிறது' என்று இரண்டு அரசும் ஒரே மாதிரி பதில் போட்டன. அதிகாரிகள் சொந்தக் கண்ணை நம்பிய காலம் எப்போதோ மலையேறிவிட்டது.

அன்று காலை சந்தனமாரியின் மகள் முத்துக்கனிக்கு இடுப்பு வலி கண்டது. மதியமாகியும் பிள்ளை இறங்கவில்லை. செவிலி ஞானப்பூ கையைப் பிசைந்துகொண்டு வெளியே வந்தாள்.

"பிள்ள குறுக்கே கெடக்கு மதினி. அறுத்துத்தான் எடுக்கணும். என்னால ஆவாது."

பாலங்களெல்லாம் இடிந்து கிடந்தன. போரில் சேராத தீவு ஒன்றின் மருத்துவமனை தன் மருத்துவப்பறவையை அனுப்பியது. அது ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் கண்ணுக்கும் தெரிந்தது உப்பு மட்டுமே; திரும்பிப் போனது.

"ஏல ரத்தினம், கண்கட்டியை அணை," என்றாள் சந்தனமாரி.

"அணைச்சா குண்டும் வரும்க்கா. நாடே போயிரும்."

"தெரியும். ஊரைக் கேட்டுட்டு அணைப்போம்."

சந்தையில் போய் நின்றாள். "எம்பிள்ளைக்காவ ஒங்க எல்லாரு உசுரையும் கேக்கேன். வேண்டாம்னா சொல்லிருங்க."

யாரும் சொல்லவில்லை. மீன்காரி ஒருத்தி மட்டும், "எம்மருமவளுக்கும் அடுத்த மாசம்தாம்மா," என்றாள். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிகளுக்குப் போனது. சந்தனமாரி தன் கையாலேயே விசையை இறக்கினாள்.

வானத்தில் இரைச்சல் கேட்டது. வந்தது, மறுபடி அழைத்திருந்த மருத்துவப்பறவைதான். அதன் வயிற்றுக்குள்ளேயே அறுவை நடந்தது. சந்தனமாரியின் பேத்தி வீறிட்ட சத்தம் கேட்டதும் ரத்தினபாண்டி தரையில் உட்கார்ந்து அழுதான். முத்துக்கனியும் பிழைத்தாள். அப்பாடா என்று சந்தனமாரி விட்ட மூச்சில் இரண்டு வருடப் பாரமும் இறங்கியது. மீன்காரியின் மருமகளுக்காகக் கண்கட்டியை அணைத்தபடியே விட்டுவிட்டு, மறுநாள் கொடியை இறக்கி, பழையபடி உப்புக் குவியலின் மேல் போர்த்தினாள். நாடு முடிந்தது.

ஆனால் குண்டு வரவேயில்லை. கொஞ்ச நாள் கழித்து இரண்டு அரசின் அமைச்சர்களும் கால்நடையாக வந்து சேர்ந்தபோதுதான் காரணம் தெரிந்தது.

தங்கள் வரைபடத்தில் இல்லாத ஊருக்கு இரண்டு அரசும் ஆள் விட்டுக் கண்கட்டியின் வடிவத்தைத் திருடியிருந்தன. அப்படியே நகல் செய்து தலைநகரங்களை மறைத்துக்கொண்டன. எதிரிக்கு இலக்கு கிடைக்கவில்லை. சொந்த வேட்டைப்பொறிகளுக்கும் இறங்க இடம் தெரியவில்லை. அலைந்து அலைந்து எல்லாம் கடலில் விழுந்தன. சண்டை தானாக நின்றுபோனது.

"அதோடு போயிருந்தால் பரவாயில்லை அம்மா," என்றார் மேலையரசு அமைச்சர், அழாத குறையாக. "அரசின் உப்பளப் பொறிகள், தலைநகரும் உப்புப்பாத்திதான் என்று நம்பி, உள்ளே வந்துவிட்டன. சட்டசபைக்குள் கடல்நீரைப் பாய்ச்சி வரப்புக் கட்டுகின்றன."

"எங்கள் சபையில் முழங்கால் அளவு தண்ணீர்," என்றார் கீழையரசு அமைச்சர். "உங்கள் நாட்டை அங்கீகரிக்கிறோம். ரத்தினபாண்டியை அனுப்பி உதவுங்கள்."

"நாட்டைக் கலைச்சாச்சே. அவன் எதுக்கு? விசையை இறக்குங்க, போதும்."

"அவர்கள் முதலில் இறக்கட்டும்," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

சந்தனமாரி பேத்தியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப ஒங்க சபைப் பாத்திக்குள்ள யாரும் மிதிச்சிராதீங்க. உப்பாவது நல்லா வெளையட்டும்."