இருமுறை தட்டவும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கிளம்பிய சிவக்குமாரின் கார் எருமப்பட்டிப் பண்ணை வீட்டு வாசலில் நின்றபோது நல்ல உச்சி வெயில். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டி முடித்திருந்தார்கள். ஒரு மூலையில் அவன் அம்மா செல்லாயி. மீதி இடமெல்லாம் கைகூப்பிய சிவக்குமார்.

வீட்டைச் சுற்றிலும் முட்டைக்கோழிக் கொட்டகைகள். எச்சத்தின் நெடி தொண்டையில் மாவுபோல் ஒட்டியது. அங்கே தனியாக இருந்த செல்லாயி பின்னறையில் நாள்கணக்கில் செத்துக் கிடந்ததை ஊருக்குத் தெரியாமல் மறைத்ததே அந்த நெடிதான். எல்லோரும் கோழி நாற்றம் என்றே மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். முதலில் பார்த்தவன் மகன். உடல் கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தது. எறும்பு மொய்த்து, படுக்கைப்புண் தரையோடு ஒட்டிப்போயிருந்தது. அவசரமாக எரித்துவிட்டு, அம்மா தன் மடியில் தலைவைத்தபடியே போனதாகச் சொந்தபந்தத்திடம் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே கண் கலங்கியது.

இன்று முப்பதாம் நாள் படையல். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, அறையைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போனபிறகே கதவு திறக்கும்.

களி, கறிக்குழம்பு, எள்ளுருண்டை. அவற்றின் பக்கத்தில் அம்மாவின் செல்போனையும் வைத்தான் சிவக்குமார். கண் தெரியாத தாய்க்குப் பேசும் போன் வாங்கித் தந்த மகன் என்று நாலு பேர் பார்க்க வேண்டுமே. போனின் அமைப்புகளுக்குள் புகுந்து அதைப் பேசவைத்தது என்னவோ அவன் மனைவி கிருத்திகா. விரல் வைத்தால் பெயரை வாசிக்கும், இருமுறை தட்டினால் வேலை நடக்கும் என்று மாமியாருக்குப் பழக்கியவளும் அவள்தான்.

"அதை வெக்க வேண்டாங்க," என்று முணுமுணுத்தாள். அவன் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினார்கள். சிவக்குமார் தாய்ப்பாசம் பற்றிப் பேச ஆரம்பித்தான். சேலத்தில் முதியோர் தின மேடையில் பேசிய அதே பேச்சு. கண்ணைத் துடைக்கும் இடம்கூட மாறவில்லை.

துடைக்கப் போகும் நேரத்தில், சாத்திய அறைக்குள்ளிருந்து ஒரு குரல். உணர்ச்சியே இல்லாத போன் குரல்.

"சிவா. அழைக்க, இருமுறை தட்டவும்."

பேச்சு நின்றது.

டக். டக்.

கண்ணாடியில் நகம் படும் சத்தம்.

"சிவாவை அழைக்கிறது."

எல்லோர் கண்ணும் அவன் சட்டைப்பைக்குப் போனது. பையிலிருந்த போன் அடிக்கவில்லை.

"சிவா. அழைக்க, இருமுறை தட்டவும்."

டக். டக்.

தாய்மாமன் சின்னண்ணன் மெல்லக் கேட்டார். "ஏன் மாப்ள, உன்ற செல்லு அடிக்கவே மாட்டேங்குதே?"

"டவர் இல்லீங்க மாமா."

"என்ற செல்லுல நல்லாத்தான காட்டுது சாமி."

கிருத்திகா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "அத்தை நம்பரை பிளாக் பண்ணி வெச்சிருக்காருங்க. மேடையில பேசிட்டிருக்கறப்ப கூப்புட்டுட்டாங்கன்னு."

சின்னண்ணன் கதவைத் தள்ளினார்.

உள்ளே யாருமில்லை. கோழி நெடியை மீறிக்கொண்டு ஒரு வாடை முகத்தில் மோதியது. புண் ஊறிய துணியின் வாடை, லேசாக இனிப்புக் கலந்து. இலையில் களி பிசைந்து கிடந்தது, ஐந்து விரலும் பதிய. பதிந்த குழிகளில் எறும்பு. போன் கண்ணாடி முழுக்கச் சீழ்நிறத்தில் ஈரம் அப்பியிருக்க, ஒரே ஓர் இடம் மட்டும் தட்டித் தட்டித் துலங்கியிருந்தது. சின்னண்ணன் வாசலுக்கு ஓடி, ஃப்ளெக்ஸில் கைகூப்பி நின்றவனின் காலடியில் வாந்தியெடுத்தார்.

பந்தியில் ஒருவரும் கை நனைக்கவில்லை. கிருத்திகா சின்னண்ணனின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அந்த போனைச் செத்த கோழிகளைப் போடும் குழியில் வீசிவிட்டு, சிவக்குமார் காரில் தனியாக உட்கார்ந்தான். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டான்.

சட்டைப்பை பேசியது.

"அம்மா. அழைப்பை ஏற்க, இருமுறை தட்டவும்."

அவன் போனில் அந்தப் பேசும் அமைப்பை யாரும் போட்டதில்லை. வெளியே எடுத்தான். திரையில் சீழ்நிற ஈரம். சட்டையில் அழுத்தித் துடைத்தான். போகவில்லை. மறுபடி துடைத்தான்.

ஈரம் கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

அவன் விரலை எடுத்துவிட்டான். தட்டவே இல்லை.

டக். டக்.

"அழைப்பு ஏற்கப்பட்டது."